ஆளைத் தொட்டால்தான் உயிர்

மகனின் எடை 55 கிலோவுக்குள் நிற்க வேண்டும். அதனால் திருச்சியிலிருந்து கிளம்பிய அன்று பகல் முழுக்க அவன் பட்டினி. பின்சீட்டில் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்க நான் மட்டும் எப்படிச் சாப்பிடுவது? அவன் அம்மா வாழையிலையில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு பைக்குள் மணத்துக்கொண்டே வந்தது.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இரவு கபடிப் போட்டி. மறுநாள் காலை வேளாங்கண்ணி. கபடி அவனுக்காக, வேளாங்கண்ணி அவன் அம்மாவுக்காக. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி என் மனைவி வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால் அவன் அப்பா வேளாங்கண்ணி மணல் பாதையில் முழங்காலிட்டே வருவார். வேண்டிக்கொண்டது அவள், முழங்கால் என்னுடையது!

நான் பிறப்பால் லுத்தரன், புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவு. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடிதான் எங்கள் பூர்வீகம். அவர் எழுப்பி 1718-ல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்தில்தான் என் தாத்தாவுக்கு ஞானஸ்நானம். நேர்ச்சை, பொருத்தனையெல்லாம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. கடவுளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பார் அப்பா. இது போதாதென்று, 24 வயதில் கபடி ஆடி வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தவன் நான். இந்த இரண்டு சாக்கையும் வைத்து 15 வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன்.

கல்லணை வழியாகப் போனோம். மே மாதம். காவிரி மணலாய்க் கிடந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா என்ற பேச்சு டீக்கடைக்கு டீக்கடை ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து எடுத்த வயல்களில் ஆடுகள் மேய்ந்தன. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் பூண்டி மாதா கோயிலில் வண்டியை நிறுத்தினேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஊர். வீரமாமுனிவர் கட்டிய கோயில் என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1999-ல் பசிலிக்காவாக உயர்ந்தது. உள்ளே நல்ல குளிர்ச்சி. மகன் மாதா முன்னால் கண்ணை மூடி நின்றான். எனக்கு அங்கே என்ன செய்வதென்று எப்போதுமே தெரியாது, கையைக் கட்டிக்கொண்டு வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலியில் பிறந்தவர். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்தவர். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவனாக்கித் தேம்பாவணி பாடினார், 3615 பாட்டு. சுவிசேஷத்தைப் புரட்டிப் பாருங்கள், சூசையப்பர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வராது. கனவு காண்பார், எழுந்திருப்பார், சொன்னதைச் செய்வார். வாயே திறக்காத ஓர் அப்பாவுக்கு 3615 பாட்டு! என்னைப் போல ஓயாமல் பேசும் அப்பாக்களுக்கு ஒரு வெண்பாகூடத் தேறாது.

"என்னடா வேண்டிக்கிட்டே? ஜெயிக்கணும்னா?"

"அதெல்லாம் இல்லப்பா. எடை குறைஞ்சிருக்கணும்னு."

எடை போட்டது ஒரு நெல் கிடங்கில், மூட்டை நிறுக்கும் தராசில். காலுறையைக் கழற்றினான், பிறகு கழுத்துச் சங்கிலியை. 54 கிலோ 800. இறங்கிய அடுத்த நிமிஷம் புளிச்சோற்றைப் பிரித்துவிட்டான்.

முதல் இரண்டு ஆட்டமும் சுலபமாகவே முடிந்தன. அரையிறுதி தொடங்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எதிரணியில் பாதிப் பேர் கழுத்திலும் மாதா டாலர். யார் ஜெபத்தை அவள் எடுத்துக்கொள்வாள் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

மகன் லெஃப்ட் கார்னர், தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவன். கணுக்காலைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். இரண்டாம் பாதியில் அவசரப்பட்டுப் பாய்ந்தான். பாடி வந்தவன் காலை உருவிக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். அவுட். ஏற்கெனவே இரண்டு பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள், இவன் மூன்றாவது.

நாங்கள் சடுகுடு ஆடிய காலத்தில் அவுட் ஆனவனைச் 'செத்துட்டான்' என்போம். நம் அணிக்காரன் எதிராளியைத் தொட்டுவிட்டு வந்தாலோ, பாடி வந்தவனை மடக்கினாலோ ஒருவனுக்கு உயிர் வரும். முதலில் செத்தவன்தான் முதலில் எழுந்து போக வேண்டும். "கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள்" என்று எங்கள் அடக்க ஆராதனையில் வாசிப்பார்கள். எனக்கு அந்த வசனம் கேட்கும்போதெல்லாம் கபடிக் கோட்டுக்கு வெளியே புழுதியில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னதில்லை.

உட்கார்ந்திருப்பவன் தன் உயிருக்காகத் தானே ஒன்றும் செய்ய முடியாது. கத்தலாம், கை தட்டலாம், அவ்வளவுதான். வேறொருவன் அடக்கிய மூச்சோடு அந்நியர் நடுவே போய், தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

ஒருவனுக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொருவனுக்கு. அடுத்தது என் மகன்தான். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். கடைசிப் பாட்டு. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் பையன் பாடிப் போனான், யாரையும் தொட முடியவில்லை. விசில் அடிக்கிற நேரத்தில் காலை நீட்டிப் போனஸ் கோட்டைத் தாண்டி வைத்துவிட்டுத் திரும்பினான். போனஸுக்குப் புள்ளி உண்டு, உயிர் கிடையாது. ஒரு புள்ளியில் தோற்றோம். என் மகன் கோட்டுக்கு வெளியே நின்றபடியே ஆட்டம் முடிந்தது.

ஏதாவது சொல்ல வாய் வந்தது. நீ அவசரப்பட்டுப் பாய்ந்திருக்கக் கூடாது, துணைக்குக் கவர் ஆட்டக்காரன் வரும்வரை பொறுத்திருக்கணும் என்று ஆரம்பித்தால் வேளாங்கண்ணிவரை பேசுவேன். சூசையப்பர் நினைவுக்கு வந்தார். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் படுத்திருந்தபோது அவனாகவே சொன்னான். "கோட்டைத் தொட்டா பாயிண்டு. ஆளைத் தொட்டாத்தான் உயிர். என்ன ரூல்ஸ்ப்பா இது!" கூட்டத்தில் ஆடையின் ஓரத்தைத் தொட்ட பெண்ணையும், "என்னைத் தொட்டது யார்" என்று இயேசு திரும்பிக் கேட்டதையும் சொல்லலாம் என்று திரும்பினேன். தூங்கிப்போயிருந்தான்.

விடியும்போது வேளாங்கண்ணியில் இருந்தோம். நடுத்திட்டு என்ற இடத்தில் கால் ஊனமான மோர்க்காரப் பையனுக்கு மாதா காட்சி கொடுத்து நாகப்பட்டினத்துக்குச் சேதி சொல்லி அனுப்பினார் என்பதும், அவன் எழுந்து ஓடினான் என்பதும் அந்த ஊர்க் கதை. குளத்தருகே பால்காரச் சிறுவனின் கதை வேறு. அந்த மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில்தான் என் 15 வருஷக் கடன் கிடந்தது.

மணல் இன்னும் சூடேறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள், செபமாலையும் கையுமாக, சீராகப் போய்க்கொண்டிருந்தார். அவர் சேலை இழுத்த தடத்திலேயே நானும் போனேன். நடந்துபோகிறவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. பத்துப் பன்னிரண்டு முறை காலை நகர்த்தியிருப்பேன், முட்டி பிடித்துக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. ஓரமாய்ச் சரிந்து உட்கார்ந்தேன். வலியைவிட வெட்கம்தான் அதிகம்.

மகன் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்தான். டிராக் பேண்ட்டைச் சுருட்டிவிட்டான். ராத்திரி விழுந்ததில் அவன் முட்டியிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நீ ஏன்டா? வேண்டுதல் என் பேர்ல இருக்கு."

"நீங்க அவுட்டுப்பா. உக்காருங்க."

நான் நிறுத்திய இடத்திலிருந்தே ஆரம்பித்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பக்கத்திலேயே நடந்தேன். இரண்டு இடத்தில் நின்று மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறான் என்று காதைக் கிட்டே கொண்டுபோகவில்லை.

குளத்தருகே வந்ததும் உடம்பை முன்னால் எறிந்து, நடுக்கோட்டுக்கு நீட்டுவதுபோல் வலது கையை நீட்டிப் படியைத் தொட்டான். பிறகு மல்லாந்து படுத்து மூச்சு வாங்கினான்.

"உயிர் வந்துருச்சுப்பா உங்களுக்கு. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க."