பேரம் பேசாத கல்யாண வீடு

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது அந்த போன் வந்தது. தங்கைக்கு நிச்சயதார்த்தமாம். இருநூறு பேருக்குச் சாப்பாடு, மேடை அலங்காரம். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், லீவு கிடைக்காததால் எல்லாவற்றையும் போனிலேயே முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். கணக்குப் போட்டு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும் என்றேன். "சரிங்க மேடம், அட்வான்ஸ் இப்பவே போட்டு விடுறேன்" என்றார்.

அந்த "சரிங்க"தான் எனக்கு உறுத்தியது. மதுரையில் பதினோரு வருடமாகக் கல்யாண ஏற்பாடு செய்கிறேன். முதல் தொகையைக் கேட்டதும் சரி என்று சொன்ன வீட்டை நான் பார்த்ததே இல்லை. பெண்ணின் சித்தப்பா வருவார், "பக்கத்துத் தெருவுல எண்பதுக்கு முடிச்சாங்களேம்மா" என்பார். அம்மாவுக்குப் பாயசம் பால் பாயசமா, பருப்புப் பாயசமா என்று தெரிந்தாக வேண்டும். அத்தை ஒருத்தி போன வருடக் கல்யாணத்தில் பந்தியில் அப்பளம் தீர்ந்துபோன கதையைச் சொல்வாள். கல்யாண வீட்டுக்கே உள்ள பதற்றம் அது.

அதனால் நானும் கேட்டேன். நிச்சயம் பெண் வீட்டிலா, மண்டபத்திலா? தட்டு எத்தனை? இலைச் சாப்பாடா, பஃபேயா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "நீங்களே பார்த்துப் பண்ணுங்க மேடம்." அடுத்த ஐந்தாவது நிமிடம் ஐம்பதாயிரம் வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. கூடவே போன்: "ஐயாயிரம் போடப் போய் ஒரு சைபர் கூட விழுந்துருச்சு மேடம். மீதி நாற்பத்தஞ்சை உடனே திருப்பி விடுங்க, இல்லாட்டி மேலதிகாரிகிட்ட மாட்டிக்குவேன்."

செய்தியை மறுபடி பார்த்தேன். வங்கியின் செய்திகள் எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும். இது சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கிச் செயலியைத் திறந்தால் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. "பேங்க்ல கேட்டுட்டு அனுப்புறேன்" என்றதும் அவர் குரலே மாறிவிட்டது, கத்தினார். இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்து, அவர் எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தேன். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு நான் எத்தனையோ விசேஷம் செய்திருக்கிறேன். சீருடை என்றால் நமக்கு இருக்கும் மரியாதையை வைத்தே இப்படிப் பிழைக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். இதே ஆட்கள் வேறு விதமாகவும் வருவார்கள். க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, அட்வான்ஸ் வந்துரும்" என்பார்கள். யூபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. பின் போட்டால் நம் பணம்தான் போகும்.

இதில் நான் தப்பித்துக்கொண்டதற்குக் காரணம், அதற்கு முன்பே வேறோர் இடத்தில் நன்றாகப் பட்டிருந்ததுதான்.

அந்த முறை ஏமாற்றியவர் போனில் வரவில்லை, நேரிலேயே வந்தார். விசிட்டிங் கார்டு, கார், பேச்சு எல்லாம் கச்சிதம். புது அலுவலகத் திறப்பு விழா, மூன்று லட்சத்து இருபதாயிரம். முப்பது சதவீதம் அட்வான்ஸ் தந்தார், மீதிக்கு விழா அன்று செக். செக் பணமில்லாமல் திரும்பியது. "அடுத்த வாரம் மறுபடி போடுங்க" என்றார், போட்டேன், மறுபடி திரும்பியது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவர் வாய்ச்சொல்லை நம்பி நாளைக் கடத்தினேன். செக்கின் மூன்று மாதக் காலமும் முடிந்துபோனது.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் முகூர்த்த நாள் விலைக்கு, கையிலிருந்த ரொக்கத்தைப் போட்டு மல்லிகை எடுத்துத் தந்த பூக்கார அண்ணன் ஒரு நாள் காலையில் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பணம் என்று வாயைத் திறக்கவில்லை. நார் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரல்களால் டீ டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஸ்கூல் திறக்குதும்மா" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே வளையலை அடகு வைத்தேன்.

அதன்பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். பேசி முடிக்கும்போது ஒரு பங்கு, சாமான் வாங்கப் போகும் முன் ஒரு பங்கு, சமையல்காரர் அடுப்புப் பற்ற வைக்கும் முன் மீதி. கம்பெனி விழா என்றால் ஜிஎஸ்டி எண்ணை வாங்கி அரசுத் தளத்தில் போட்டு, பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாட்டுப் பதிவு. வீட்டு விசேஷம் என்றால் ஒரு முறையாவது அந்த வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன்.

ஆனால் கையில் காசு குறைவாக உள்ளவர்களிடம் இந்த முறையைக் காட்டுவதில்லை. மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்த ஒரு தகப்பனார், "முழுசா இப்ப முடியாதும்மா, மாசாமாசம் தர்றேன்" என்று முதல் நாளே சொன்னார். ஆறு மாதம், ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் சைக்கிளில் வந்து கொடுத்தார். கடைசித் தவணையோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனார்.

போன வாரம் திருமங்கலத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். தை மாதம் மகனுக்குக் கல்யாணம். நாற்பது நிமிடம் பேரம். நான் சொன்ன தொகையில் பதினைந்தாயிரம் குறைத்தார், சாம்பாருக்கு எந்தப் பருப்பு என்று விசாரித்தார், கடைசியில், "வெத்தலை எத்தனை கவுளிம்மா போடுவீங்க? போன தடவை ஒருத்தன் வாடினதைக் கொண்டாந்துட்டான்" என்றார். டைரியை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டேன்.