பினாங்குக் கடலில் பொட்டாஷ் ஏன் காயாது?

கர்னி டிரைவ் பக்கம் அலையடிக்கிற கடலிலும் பொட்டாசியம் இருக்கத்தான் செய்கிறது. நல்ல உப்புள்ள கடல்நீர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 0.39 கிலோ. ஒரு டன் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலையோடு தோட்டத்தை விட்டுப் போவது ஏறக்குறைய 3.7 கிலோ. கணக்குப் போட்டால் டன் குலைக்குப் பத்து கன மீட்டர் கடல்நீர் போதும். அப்படியிருந்தும் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் உரம், நமக்குக் கப்பலில்தான் வருகிறது. "மழைதான் காரணம்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

தூத்துக்குடி, குஜராத் உப்பளங்களில் நடப்பதைப் பார்த்தால் மீதிப் பாதி விளங்கும். கடல்நீர் 25 போமே டிகிரியைத் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் அளவு) தொட்டதும் சோற்றுப்பு விழ ஆரம்பிக்கும். 29, 30 டிகிரியில் மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். அதுதான் கசப்புநீர். லிட்டருக்குச் சுமார் 20 கிராம் பொட்டாசியம் குளோரைடு அதில் இருக்கும். மக்னீசியமும் சல்ஃபேட்டும் அதைவிடப் பல மடங்கு.

அப்படியே காயவிட்டால் முதலில் சோற்றுப்பும் மக்னீசியம் சல்ஃபேட்டும் கலந்து விழும், பிறகு பொட்டாசியமும் சல்ஃபேட்டும் சேர்ந்த கைனைட் என்ற உப்பு. பொட்டாசியம் குளோரைடு உரம் வேண்டுமென்றால் சல்ஃபேட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோ சல்ஃபேட்டுக்கு 1.16 கிலோ கால்சியம் குளோரைடு சேர்க்க வேண்டும். சல்ஃபேட் ஜிப்சமாகக் கீழே தங்கிவிடும். அளவு குறைந்தால் கைனைட் மறுபடி கலக்கும். கூடினால் மிஞ்சிய கால்சியம் கடைசிவரை கூடவே வரும். தெளிந்த நீரை மேலும் சுண்ட விட்டால் கார்னலைட் படியும், அது பொட்டாசியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் நீரும் சேர்ந்த படிகம்.

பிரித்தெடுப்பதில் கைப்பக்குவம் இங்கேதான் தேவை. 100 கிலோ தூய கார்னலைட்டில் பொட்டாசியம் குளோரைடு 27 கிலோதான். அறை வெப்பத்தில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் விட்டுக் கலக்கினால் மக்னீசியம் குளோரைடு முழுக்கக் கரைந்து, 22 கிலோவுக்குக் குறையாமல் பொட்டாசியம் உப்பு வண்டலாக நிற்கும். "இன்னும் கொஞ்சம் கழுவுவோம்" என்று தண்ணீரைக் கூட்டினால் கூட்டிய அளவுக்குப் பொட்டாசியமும் வடிநீரோடு போய்விடும். வண்டலில் ஒட்டிய சோற்றுப்பைப் பிரிக்க வெப்பம் உதவும். 100 கிராம் தண்ணீரில் பொட்டாசியம் குளோரைடு 20 டிகிரி செல்சியஸில் 34 கிராம், கொதிநிலையில் 56 கிராம் கரையும். சோற்றுப்பு 36இலிருந்து 39 வரைதான் ஏறும். சுடச்சுடக் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் பொட்டாசியம் படிகமாகும்.

இனி பினாங்குக்கு வருவோம். தெவிட்டிய (இனிமேல் உப்புக் கரையாத அளவுக்கு நிறைந்த) சோற்றுப்புக் கரைசல், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் காயும். தெவிட்டிய மக்னீசியம் குளோரைடுக்கு அந்த எல்லை 33 சதவீதம். கசப்புநீர் சுண்டச் சுண்ட 75ஐ விட்டு 33ஐ நோக்கி இறங்கும். நம் ஊர்க் காற்றோ சராசரியாக 80ஐ ஒட்டியே நிற்கிறது. பாத்திக்குக் கூரை போட்டு மழையைத் தடுத்துவிடலாம், காற்றைத் தடுக்க முடியாது. ஒரு கட்டத்துக்குமேல் கசப்புநீர் காய்வதை விட்டுக் காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். தட்டில் வைத்த கார்னலைட்கூட இங்கே கசிந்து குழம்பாகிவிடும். நீராவி வைத்துச் சுண்ட வைக்கலாம். கன மீட்டருக்கு 0.39 கிலோ சரக்குக்காக அத்தனை எரிபொருள் கட்டுப்படியாகாது.

கையில் இருக்கிற பொட்டாசியத்தைக் காப்பாற்றுவதுதான் எங்கள் கட்சி. பழம் உதிர்த்த வெறுங்குலை ஒரு டன்னில், சுமார் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமமான பொட்டாசியம் இருக்கிறது. அது நாரோடு பிணைந்து கிடப்பதில்லை, முதல் மழையிலேயே கரைந்து ஓடத் தொடங்கும். ஆலை முற்றத்தில் வாரக்கணக்கில் குவித்து வைக்காமல், வந்த சூட்டோடு செம்பனை நிரைகளுக்கு நடுவே ஒற்றை அடுக்காகப் பரப்பிவிடுங்கள்.