மாசி 1117: சண்டைக்கால ஓர்மைகளைப் பதிவுசெய்வது

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் போய் “இரண்டாம் உலகப் போர் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால், “அதொண்ணும் நமக்குத் தெரியாது மக்ளே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “அரிசி கிடைக்காத காலத்துல என்ன சாப்பிட்டிய, ஓர்மை இருக்கா பாட்டி?” என்று கேட்க வேண்டும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்த பானையில் தொடங்கும் பேச்சு, மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன சித்தப்பாவிடம் வந்து நிற்கும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது; மலாயாக் கடிதமும் மணியார்டரும் நின்றன. மார்ச்சில் பர்மாவின் ரங்கூன் விழுந்தது. இந்தப் பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. இந்த வீடுகளுக்குள் போர் நுழைந்தது அப்படித்தான்.

மூத்தவர்கள் ஆங்கில ஆண்டு சொல்ல மாட்டார்கள். திருவிதாங்கூரில் புழங்கிய கொல்லம் ஆண்டுதான் (மலையாள ஆண்டு) வரும். அதை மாற்றும்போது எல்லாவற்றுக்கும் 825 கூட்டுவது வழக்கமான தவறு. ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825. சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்தது இரண்டுமே 1117 மாசியில். ஆண்டே தெரியாதவரிடம், மாசியில் வரும் அம்மன் கோயில் விழாவை வைத்து, “மண்டைக்காட்டுக் கொடைக்கு முன்னாலயா, பிறகா?” என்று கேட்டால் மாதமாவது பிடிபடும். தேதியை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாம் சொன்னதே திரும்ப வரும்.

அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. பெரும்பாலும் மக்களும் பேரப்பிள்ளைகளும்தான் சொல்கிறார்கள். அதனால் எழுத்தில் பெயர்க்கிறவர் கைவைக்கவே கூடாத ஒன்று உண்டு: ‘ஆம்’ விகுதி. “கப்பல் ஏறினாரு” என்றால் கண்டது. “கப்பல் ஏறினாராம்” என்றால் கேட்டது. நடையைத் திருத்துகிறோம் என்று எல்லாவற்றையும் “ஏறினார்” ஆக்கிவிட்டால், அதற்குப் பிறகு யாராலும் அந்த வித்தியாசத்தை மீட்க முடியாது. ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். அவசரத்தில் முதலில் தொலைவது இந்த விகுதிதான்.

கைபேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேசை அதிர்வு ஏறாது. மின்விசிறியை நிறுத்துங்கள். கடற்கரை வீடுகளில் திண்ணையை விட உள்ளறை நல்லது. காற்று குரலைத் தின்றுவிடும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் முதியவரை வருத்த வேண்டாம். இன்னொரு நாள் போகலாம்.

பழைய கடிதமும் படமும் கிடக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் வீட்டார் முதலில் கேட்பது, “லேமினேஷன் போட்டுறலாமா?” வேண்டாம். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் தாளும் கூடவே வரும். இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊரில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். பிரிக்காமல், சன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்வாகப் படமெடுங்கள். பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. இந்தியப் படையினரின் பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறமோ எண்ணும் பெயரும் பொறித்திருப்பதுண்டு. தேய்ந்துபோனால் அந்த ஆளைப் பதிவேட்டில் தேடும் வழியும் போச்சு.

பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்கள் இருந்தால் பதில் அவர்களுடையதாகிவிடும். காத்திருந்தவர்கள் பெண்கள், கடிதம் நின்ற மாதம் அடுக்களையில்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. திரும்பி வராதவரைப் பற்றிய பேச்சு சில வீடுகளில் சட்டென்று அறுந்துபோகும். துக்கம் மட்டும் காரணமல்ல. அவருடைய பங்கு நிலம் யாருக்குப் போனது என்பதும் அந்தக் கதைக்குள் கிடக்கும். அங்கே துருவாமல் பதிவை நிறுத்திவிடுவதே நியாயம். சம்மதத் தாளில், இன்ன பகுதி இத்தனை ஆண்டுகளுக்கு வெளியே போகக் கூடாது என்று அவர்களே எழுத ஒரு கட்டம் வைத்திருங்கள். அதைக் காட்டிய பிறகு, பலர் நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.