மானிடவியலில் பிஎச்.டி.: நெட் தேர்விலிருந்து களம் வரை

எம்.ஏ. மானிடவியல் முடித்தவர்களுக்கு முதல் வாசல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பெயரில் நடக்கும் தேசியத் தகுதித் தேர்வான நெட். பாடக் குறியீடு 07. முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். மொத்தம் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எதையும் விடாமல் குறியுங்கள். சமூகப் பண்பாட்டுப் பிரிவிலேயே ஊறியவர்கள் சறுக்குவது மரபியலிலும் தொல்பழங்காலத்திலும்தான். ஒரு மக்கள்தொகையில் மரபணு வகைகளின் விகிதத்தைக் கண்டறியும் ஹார்டி-வைன்பெர்க் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கைக்கோடரி எந்தக் கருவி மரபைச் சேர்ந்தது என்று யோசிக்காமல் சொல்ல வர வேண்டும்.

நெட் மூலம் தரப்படும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 42,000. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். அப்போது சேர்க்கைத் தரவரிசையில் நெட்டுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். நம்மூர் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழை முன்கூட்டியே தாலுகா அலுவலகத்தில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி. 2022 யுஜிசி விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். நல்ல மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காமல் போவது இதனால்தான். உங்கள் தலைப்புக்குப் பொருத்தமானவரிடம் காலியிடம் உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நேர்முகத்தில் எல்லாம் ஆய்வுத் திட்டத்தைப் பொறுத்தது. ‘பழங்குடிகளின் வாழ்வியல்’ என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். அதில் கேள்வியே இல்லை. ‘கூடலூர்ப் பகுதிக் காட்டுநாயக்கர் குடும்பங்களில் தேன் எடுக்கும் அறிவு இன்று யாரிடமிருந்து யாருக்குப் போகிறது?’ என்று கேட்டால் இடம், மக்கள், முறை மூன்றும் தானே வந்துவிடும். அந்த மக்களின் மொழி உங்களுக்கு எவ்வளவு தெரியும், தெரியாவிட்டால் எப்படிக் கற்பீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். குழு நிச்சயம் கேட்கும்.

சேர்ந்த பின் குறைந்தது 12 கிரெடிட் பாடநெறி, அதில் 55 சதவீதம் வேண்டும். அந்த மாதங்களிலேயே அனுமதி வேலைகளைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். முதுமலை போன்ற காப்பகத்துக்குள் ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. கோப்பு நகர மாதங்கள் பிடிக்கும். ரத்தம், உமிழ்நீர் மாதிரி எடுப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு துளிகூடத் தொடக்கூடாது. செலவையும் இப்போதே கணக்கிடுங்கள்: சமூக அறிவியல் ஜேஆர்எஃப் காரர்களுக்குச் சில்லறைச் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். மலைக்கிராமத்துக்கு ஜீப் வாடகை கொடுக்க அது போதாது.

களத்தில் முதலில் வீட்டுக் கணக்கெடுப்பு, பிறகு வம்சாவளி. உறவுமுறையைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடம் வம்சாவளி சேகரித்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸுக்கு, இறந்த உறவினர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற அவர்களின் தடை குறுக்கே வந்தது. அவர் அந்தப் பெயர்களை மற்றவர்களிடம் கேட்டு வாங்கினார். இன்றும் ஒரு குடும்பத்தின் வரிசையை இன்னொரு குடும்பத்திடம் சரிபார்ப்பதுதான் நம்பகமான வழி. ஆனால் ஒரு வீட்டில் கேட்ட பேச்சை அடுத்த வீட்டில் சொல்லிவிட்டால், அதன்பின் எந்த வீட்டிலும் பேச மாட்டார்கள். குறிப்பை அன்றிரவே விரித்து எழுதுங்கள், பெயர்களுக்குப் பதில் குறியீடு போட்டு.