மெர்ஜுக்குள் காணாமல் போன ஒரு வரி

லாகின் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரிக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்தால், ‘அப்படி ஒரு பயனர் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடும் ஒரு பழைய பிழை எங்கள் மென்பொருளில் இருந்தது. அதைச் சரிசெய்து, ரிலீஸும் ஆகி, எல்லாரும் மறந்தே போயிருந்தோம். திடீரென்று அதே புகார் மறுபடி வந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தால், திருத்திய வரியையே காணோம். ‘கிளீன்ஈமெயில்’ என்ற ஃபங்ஷனை அழைக்கும் ஒரே ஒரு வரி.

திரும்பப் போட அரை நிமிடம் போதும். ஆனால் யாராவது காரணத்தோடு எடுத்திருந்தால்? அது தெரியாமல் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாருக்கும் முதலில் கை போவது, கோடில் நடந்த மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியின் பிளேம் கட்டளைக்குத்தான். இங்கே அதனால் பயனில்லை. பிளேம், இப்போது ஃபைலில் இருக்கிற வரிகளை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்று மட்டும்தான் சொல்லும். போன வரிக்கு அதில் இடம் ஏது? கமிட்களோடு, அதாவது கிட்டில் பதிந்த ஒவ்வொரு மாற்றத்தோடும், எழுதிய செய்திகளில் தேடிப் பார்த்ததில் பழைய திருத்தத்தின் கமிட் கிடைத்தது. நீக்கியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதி வைக்கவில்லை.

சரி, கமிட்களை வரிசையாகக் காட்டும் கிட் லாகுக்கு -எஸ் கொடுத்துத் தேட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். கேபிட்டல் எஸ், சின்ன எஸ் போட்டால் டிஃப்பை (முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை) காட்டாதே என்று அர்த்தமாகிவிடும். இது செய்வது எளிய வேலை: நாம் கொடுக்கும் சொல் ஒரு ஃபைலில் கமிட்டுக்கு முன்னால் எத்தனை தடவை இருந்தது, பின்னால் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணும். எண்ணிக்கை மாறியிருந்தால் அந்தக் கமிட்டைக் காட்டும். அதனால் ஒரே ஃபைலுக்குள் வரியை மேலிருந்து கீழே நகர்த்தினால் கண்டுகொள்ளாது. அதையும் பார்க்க வேண்டுமென்றால் -ஜி (இதுவும் கேபிட்டல்) இருக்கிறது. சேர்த்த, நீக்கிய வரிகளில் எதிலாவது நாம் கொடுத்த ரெகெக்ஸ் (தேடல் வடிவம்) பொருந்தினாலே எடுத்துக் கொடுத்துவிடும். எனக்கு வேண்டியது வரி எப்போது வந்தது, எப்போது போனது என்பது மட்டும். அதற்கு -எஸ்தான் சரி. கூடவே -பி சேர்த்தால் டிஃப்பும் அங்கேயே தெரியும்.

வேகமாக முடியட்டும் என்று ஃபைலின் பெயரையும் கடைசியில் கொடுத்தேன். பதிலாக ஒன்றுமே வரவில்லை. அந்த வரி எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்பது போல. திருத்திய கமிட்டைத்தான் சற்று முன் கண்ணால் பார்த்தேனே!

ஃபைல் பெயரை எடுத்துவிட்டு ஓட்டினேன். இப்போது சேர்த்த கமிட் வந்தது. நீக்கிய கமிட் மட்டும் இல்லை. பூஜ்யம் ஒன்றானதற்குச் சாட்சி இருக்கிறது. ஒன்று பூஜ்யமானதற்கு இல்லை. சாதாரணக் கமிட்டில் போயிருந்தால் -எஸ் கண்ணில் படாமல் தப்பியிருக்காது. மிச்சம் இருந்தது, தனித்தனியாக வளர்ந்த கிளைகளை ஒன்றாகச் சேர்க்கும் மெர்ஜ் கமிட்கள்தான். கிட் லாக் தானாக அவற்றின் டிஃப்பைப் பார்க்காது, அதனால் -எஸ்ஸும் அவற்றைத் தாண்டிப் போய்விடும். -எம் (சின்ன எம்) சேர்த்தால் ஒவ்வொரு மெர்ஜையும் அதன் ஒவ்வொரு பேரன்ட்டோடும் (அதில் வந்து சேரும் முந்தைய கமிட்டோடும்) தனித்தனியாக ஒப்பிடும். கூடவே கொஞ்சம் குப்பையும் வரும்: வரியை இன்னொரு கிளைக்குக் கொண்டுபோன மெர்ஜ்கள் எல்லாம் பட்டியலில் ஏறிவிடும். பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், வரியைத் தொலைத்தவை இரண்டு மட்டும்.

பிந்தியது, புதிய வசதிக்கான பெரிய ஃபீச்சர் கிளையை முதன்மைக் கிளையான மெயினில் சேர்த்த மெர்ஜ். நூற்றுக்கணக்கான மாற்றங்களுக்கு நடுவே ஒரு வரி போனதை ரிவ்யூவில் யார் கவனித்திருப்பார்கள்? ஆனால் விஷயம் முந்தியதில் இருந்தது. ஃபீச்சர் கிளைக்குள் மெயினை இழுத்தபோது அந்த ஃபைலில் இரு பக்க மாற்றங்களும் மோதி கான்ஃப்ளிக்ட் வந்திருக்கிறது. தீர்த்தவர் இரண்டையும் கலக்காமல், தன் கிளையின் ஃபைலை அப்படியே முழுசாக வைத்துக்கொண்டிருக்கிறார். மெயினில் இருந்த திருத்தம் அங்கேயே காலி.

இதில் எனக்கு எரிச்சலூட்டியது, அந்த மெர்ஜை கிட் ஷோவில் திறந்தாலும் இந்த ஃபைல் தென்படாது என்பதுதான். மெர்ஜின் முடிவு ஏதாவது ஒரு பேரன்ட்டோடு அச்சாகப் பொருந்தினால், சொல்ல ஒன்றுமில்லை என்று அந்த ஃபைலை விட்டுவிடும். இரண்டாவது பேரன்ட்டோடு தனியாக டிஃப் எடுத்த பிறகுதான் நீக்கப்பட்ட வரி சிவப்பில் தெரிந்தது. ஃபைல் பெயர் கொடுத்தபோது ஒன்றும் வராமல் போனதற்கும் இதுவே காரணம். ஒரு மெர்ஜில் அந்த ஃபைல் ஏதாவது ஒரு பேரன்ட்டில் இருப்பது போலவே இருந்தால், கிட் அந்தப் பக்கம் மட்டும் போய், மற்றப் பக்கத்து வரலாற்றை வெட்டிவிடும். திருத்தம் இருந்தது வெட்டுப்பட்ட பக்கத்தில். ஃபுல்-ஹிஸ்டரி ஆப்ஷன் சேர்த்தால் வெட்டாது. இப்போதெல்லாம் ஃபைல் பெயரோடு தேடி விடை வெறுமையாக வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம்: பில்ட் சர்வர்களில் பெரும்பாலும் ஷாலோ குளோன், அதாவது பழைய வரலாற்றை வெட்டிவிட்ட நகல்தான் இருக்கும். அங்கே இந்தத் தேடலை ஓட்டினால், வெட்டிய இடத்துக் கமிட்டே ஃபைலில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தது போலத் தெரியும். அன்ஷாலோ செய்து முழு வரலாற்றையும் இறக்கிய பிறகு தேடுவதுதான் நல்லது.

காரணத்தோடு யாரும் எடுக்கவில்லை என்று உறுதியானதும், பழைய கமிட்டை -எக்ஸ் (சின்ன எக்ஸ்) போட்டு செர்ரி-பிக் செய்தேன், அதாவது அந்த மாற்றத்தை மட்டும் எடுத்து மறுபடி போட்டேன்; மூலக் கமிட்டின் ஐடி புதிய செய்தியிலும் பதிந்துவிடும். முதல் திருத்தத்தில் விட்டுப்போயிருந்த டெஸ்ட்டையும் தனி ஃபைலில் எழுதிச் சேர்த்தேன்.