கிளவுட் ஈஆர்பி எடுக்கலாமா, முதலாளி?

திருகோணமலையில் கொஞ்சம் பெரிதாகக் கடை நடத்துகிறவர்களை எங்கே கண்டாலும் இப்போது ஒரே கதைதான், கொழும்பில் இருந்து ஒரு பொடியன் வந்து கிளவுட் ஈஆர்பி (இருப்பு, பில், கடன், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணையத்தில் வைத்து எங்கிருந்தும் பார்க்கிற மென்பொருள்) என்று மடிக்கணினியில் காட்டிவிட்டுப் போனானாம், எடுக்கலாமா வேண்டாமா. கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில், அதனால் கேள்வி நேரே என்னிடம் வரும். நான் திருப்பிக் கேட்பது: கிளை எத்தனை, முதலாளி?

மத்திய வீதியில் ஒரே கடை, பின்னால் ஒரு ஸ்டோர் என்றால் அவசரமே இல்லை. கடை டவுனில், ஸ்டோர் கிண்ணியாவில், இன்னொரு கிளை மூதூரில் என்றால் எடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஹார்ட்வெயார்க் கடையில் மூதூரில் அரை இஞ்சி பைப் முடிந்தது டவுனுக்கு இரவு போன் வந்தால்தான் தெரியும், கிண்ணியாவில் அதே பைப் தூசி பிடித்துக் கிடக்கும். மூன்று இடத்து இருப்பும் ஒரே திரையில் தெரிய வந்தபிறகு அந்தக் கூத்து நின்றது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, கடைக் கொம்பியூட்டரில் கணக்கு வைத்திருந்தவர்கள் துண்டில் பில் எழுதினார்கள். கிளவுட்டில் இருந்தால் போனிலேயே சமாளிக்கலாம் (டவரும் படுக்காமல் இருந்தால்!).

ஆனால் அதே வருடம்தான் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்தில் 360ஐத் தாண்டியது. வெளிநாட்டு மென்பொருள் என்றால் சந்தா பெரும்பாலும் டொலரில், அதுவும் ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம். ரூபாயில் பில் தருகிறவரா என்று முதலில் கேளுங்கள். பெரிய கம்பனி எல்லாம் மாறுது என்று அந்தப் பொடியன் சொன்னால் அசைய வேண்டாம். பெரிய கம்பனிகளுக்கு ஈஆர்பி விற்கிற எஸ்ஏபி, ஈசிசி என்ற தன் பழைய மென்பொருளுக்கு வழமையான பராமரிப்பை 2027 உடன் நிறுத்துகிறது, அவர்கள் ஓடுவது அதற்காகவும்தான், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

உண்மையான வேலை சரக்குப் பட்டியலில் இருக்கிறது. ஒரே எல்போ (பைப்பைத் திருப்புகிற மூட்டு) "எல்போ அரை", "1/2 எல்போ", "பிவிசி எல்போ சின்னது" என்று மூன்று பெயரில் கிடக்கும். கம்பி டொன் கணக்கில் வந்து இறங்கும், பார் கணக்கில் விற்கும். கடன் கொப்பியில் "மாமா, 4500" என்று இருக்கும், எந்த மாமா என்று முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். இதையெல்லாம் திருத்தாமல் ஏற்றினால் பழைய குப்பை புதுத் திரையில் தெரியும், அவ்வளவுதான். திருத்த இரண்டு மாதம் போனாலும் பரவாயில்லை, கடைப் பொடியன்களையும் கூடவே இருத்துங்கள், எந்தச் சாமான் எந்தப் பெயரில் போகுது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், விட்டுப் போனால் எங்கள் கணக்கை எக்செலில் முழுதாகத் தருவீர்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 2024 ஜனவரியில் வற் (பெறுமதி சேர் வரி) பதிவு எல்லை வருடத்துக்கு 8 கோடியில் இருந்து 6 கோடிக்கு இறங்கியதில் புதிதாக உள்ளே வந்த கடைகள் இதைக் கட்டாயம் எழுத்தில் வாங்க வேண்டும். இறைவரித் திணைக்களம் பழைய பில் கேட்டு வருகிற அன்று, சந்தா முடிந்துவிட்டது சேர் என்று சொல்ல முடியாது.