துணி எந்த நாட்டுத் துணி?

இலங்கையில் ஐம்பது மெஷின் போட்டு கார்மென்ட்ஸ் நடத்துபவர்களுக்குத் தையல் தெரிந்த பிள்ளைகள் கிடைப்பதில்லை என்பது பெரிய கவலை. நியாயமான கவலைதான். ஆனால் ஐரோப்பிய ஓடர் கையில் நிற்பதும் நழுவுவதும் பல நேரங்களில் துணியைப் பொறுத்த விஷயம்.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. தங்கள் நாட்டுக் கோட்டா (மேற்கு நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இறக்க அனுமதித்த ஆடை அளவு) தீர்ந்துபோன கிழக்காசியக் கம்பனிகள், இங்கிருந்த கோட்டாவுக்காகவே வந்து இறங்கின. 2004 டிசம்பரோடு கோட்டா முறை ஒழிந்ததும் அதை நம்பியிருந்த சிறிய தொழிற்சாலைகள் தள்ளாடின. 2005இல் கிடைத்த ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தீர்வைச் சலுகை கை கொடுத்தது. 2010 ஆகஸ்டில் அது பறிபோய், 2017 மேயில்தான் திரும்பியது.

இந்தச் சலுகை இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தில் தீர்வை இல்லை. சரக்கு சலுகைக்குத் தகுதி பெறாவிட்டால் பெரும்பாலான ஆடைகளுக்கு 12%. எட்டு டொலர் சட்டைக்கு 96 சதம். தையல் கூலியை எவ்வளவு இறுக்கினாலும் அந்த 96 சதத்தை மிச்சம்பிடிக்க முடியாது.

சலுகை கிடைக்க, இங்கே தைத்தால் மட்டும் போதாது. துணியை நெய்வதும் இங்கே நடந்திருக்க வேண்டும். சீனத் துணியை வெட்டித் தைத்த சட்டைக்கு 12% விழும். அதே துணியைப் பங்களாதேஷ் தைத்துத் தீர்வையில்லாமல் அனுப்புகிறது, அது குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியலில் இருப்பதால்; அந்த நாடுகளுக்குத் தைத்தாலே போதும். இந்த இடத்தில்தான் எங்கள் சிறிய தொழிற்சாலைகள் அடிபடுகின்றன, வேலைத்தரத்தில் அல்ல.

ஒரு வழி உண்டு. இந்தியாவில் நெய்த துணியைத் தெற்காசியக் கூட்டு விதியின்படி இங்கே நெய்த துணி போலக் கணக்கில் சேர்க்கலாம். அது அங்கே நெய்யப்பட்டதற்கான அத்தாட்சி மில்லிடமிருந்து துணியோடு வர வேண்டும். இடைத்தரகரிடம் மலிவாக வாங்கினால் பெரும்பாலும் அந்தத் தாள் வராது. சரக்கு 6,000 யூரோவுக்கு மேல் என்றால், ஏற்றுமதியாளர் ரெக்ஸ் எனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்றுமதியாளர் பதிவேட்டிலும் இருக்க வேண்டும்.

வழக்கமாகப் பிசகுவது வெட்டு மேசையில். முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் என்றால் ஆயிரம் சட்டைக்கு 1,600 மீட்டர். கழிவுக்கு 3% கூட்டி 1,650 மீட்டராவது வாங்க வேண்டும். கூட்டாமல் வாங்கினால் கடைசி ரோலில் துணி போதாமல் போகும். உடனே ஸ்டோரில் கிடக்கும் வேறு நாட்டுத் துணியை விரித்து வெட்டிவிடுவார்கள். நிறம் பொருந்தினாலும் அந்தச் சட்டைகளுக்குச் சலுகை கேட்க முடியாது. சோதனையில் அகப்பட்டால் முழுச் சரக்கின் மீதும் சந்தேகம் விழும். அதனால் வெட்டும் அன்றே ஒவ்வொரு ரோல் எண்ணையும் வெட்டு அட்டையில் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

அமெரிக்க ஓடருக்குச் சிக்கல் வேறு மாதிரி. 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44% கூடுதல் தீர்வை அறிவித்தார்கள்; ஆகஸ்டில் அது 20% ஆனது. விலை பேசிய நாளின் தீர்வை, கப்பல் போய்ச் சேரும் நாளில் இருக்கும் என்று நம்ப முடியாது. இடையில் ஏறினால் யார் கட்டுவது என்பதை ஓடர் தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால், துணி வெட்டி முடிந்த பிறகு விலையைக் குறைக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும். அப்போது மறுக்கவும் வழியிருக்காது.